ஸ்காட்லாந்தின் புல்வேய்ந்த வீடுகள்: தேடிப் போய்ப் பார்ப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை நான் ஏமாந்துதான் போனேன். ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளத்தாக்கில் பழைய கூரை வீடு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கிளாஸ்கோவிலிருந்து இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனேன். போய் நின்றால் தகரம். துருப்பிடித்த நெளி தகரம். காரைவிட்டு இறங்கக்கூட இல்லை. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். தகரத்துக்கு அடியில் என்ன இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த வீடுகளைப் பார்க்கவே ஆரம்பித்தேன். நான் சுற்றி வளைத்துக் கற்றுக்கொண்டதை நீங்கள் நேர்வழியில் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: காலண்டர் படத்தை மறந்துவிடுங்கள்

கூரை வீடு என்றதும் நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் தெற்குப் பகுதி வீடுகள்: சீவி விட்ட தலைமுடி மாதிரி ஒழுங்கான, தடித்த கூரை, சுவரைத் தாண்டி நீளும் இறவாணம், முகட்டில் வெட்டி எடுத்த வேலைப்பாடு. ஸ்காட்லாந்தில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான். இங்கே பெரும்பாலான கூரைகள் காசு கொடுத்து வாங்கிய பொருளில் வேய்ந்தவை இல்லை. வயலில் மிஞ்சிய வைக்கோல், மலைச்சரிவின் ஹெதர் செடி, சதுப்பின் கோரை, கடற்கரை மணல்மேட்டுப் புல், பெரணி, புல்லோடு சேர்த்துப் பெயர்த்த மண் பாளம் என்று வீட்டிலிருந்து நடந்துபோய்ச் சுமந்துவரக்கூடிய தூரத்தில் எது கிடைத்ததோ அது தலைக்கு மேல் ஏறியது. ஆகவே பத்து மைல் நகர்ந்தால் கூரை மாறிவிடும்.

இன்னொன்று. இந்தக் கூரைகள் நூறு வருஷம் நிற்கவேண்டும் என்று போடப்பட்டவை இல்லை. தீவுகளில் வருஷா வருஷம், அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, மேல் அடுக்கைப் புதுப்பித்தார்கள். அதனால் “இந்தக் கூரை எத்தனை வருஷம் பழசு?” என்று கேட்டுப் பயனில்லை. மேலே இருக்கும் வைக்கோல் போன வருஷத்தது, அடியில் கிடக்கும் மண் பாளம் இருநூறு வருஷத்தது என்பது இங்கே சாதாரணம். ஒரே கூரையில் இரண்டு வயது.

படி 2: எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யுங்கள்

நாடு முழுக்கச் சில நூறு வீடுகள்தான் மிச்சம். அவை ஓரிடத்தில் குவிந்தும் இல்லை. ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள்.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, எடின்பரோவில் தங்கியிருக்கிறீர்கள் என்றால் நகரின் தெற்கு விளிம்பில், பென்ட்லண்ட் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கும் ஸ்வான்ஸ்டன் போதும். வெள்ளையடித்த சுவர், நாணல் கூரை, பின்னால் குன்று. மனிதர்கள் வசிக்கும் வீடுகள். ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்க்கவேண்டாம்.

தென்மேற்கில் ஏர்ஷயர் பக்கம் போனால் அலோவே கிராமத்தில் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த வீடு. அவருடைய அப்பா 1757இல் தன் கையாலேயே களிமண் சுவர் எழுப்பிக் கட்டியது. 1759 ஜனவரி 25 அன்று பர்ன்ஸ் பிறந்தார். சில நாட்களிலேயே புயல் அடித்து ஒரு பக்கச் சுவர் சரிந்தது, தாயையும் பிள்ளையையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. அதைவிட எனக்குச் சுவாரசியமான செய்தி, 1914 ஜூலையில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட போராளிகள் இருவர் இந்த வீட்டுக்கு வெடி வைக்க வந்தார்கள் என்பது. காவலாளி பார்த்துவிட்டதால் வீடு தப்பியது. இங்கிருந்து அரை மணி நேரத்தில் கிர்காஸ்வல்ட். பர்ன்ஸின் கவிதையில் வரும் செருப்பு தைப்பவருக்கு மாதிரியாக இருந்தவர் என்று கருதப்படும் ஜான் டேவிட்சனின் கூரை வீடு அங்கே இருக்கிறது.

பெர்த்ஷயரின் ஃபோர்ட்டிங்கால் அழகான ஊர். ஆனால் ஒரு எச்சரிக்கை: அங்கே இருக்கும் கூரை வீடுகள் கப்பல் முதலாளி சர் டொனால்ட் கரி 1880களின் கடைசியில் ஜேம்ஸ் மெக்லாரன் என்ற கட்டடக் கலைஞரை வைத்துக் கட்டியவை. ஏழைக் குடியானவன் வேறு வழியில்லாமல் போட்ட கூரை அது இல்லை. பணக்காரர் ரசித்துப் போட்ட கூரை. தவறு ஒன்றுமில்லை, தெரிந்துகொண்டு பாருங்கள். தேவாலய முற்றத்து யூ மரத்தையும் பார்த்துவிடுங்கள். பிரிட்டனின் மிகப் பழைய மரங்களில் ஒன்று.

நேரமும் தெம்பும் இருந்தால் என் ஓட்டு மேற்குத் தீவுகளுக்குத்தான். லூயிஸ், யுயிஸ்ட், டைரீ, ஸ்கை. கீழே நான் சொல்லப்போவதில் பாதி அங்கே பார்த்தது.

படி 3: கிட்டே போகுமுன் இருபதடி தள்ளி நில்லுங்கள்

லூயிஸ் தீவின் ஆர்னால் கிராமத்தில் 42ஆம் எண் வீடு. 1880களில் கட்டியது, 1960களின் நடுப்பகுதிவரை குடும்பம் வாழ்ந்தது. கேலிக் மொழியில் இந்த வகை வீட்டுக்கு ‘கருப்பு வீடு’ என்று பெயர். சுண்ணாம்புக் கலவை வைத்துக் கட்டிய ‘வெள்ளை வீடு’கள் 19ஆம் நூற்றாண்டில் வந்த பிறகுதான் பழசுக்கு இந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. புதுசு வராதவரை அது வெறும் வீடு.

தள்ளி நின்று பார்த்தால் முதலில் தெரிவது மூலை இல்லாமை. சுவர் மூலைகள் உருண்டவை, கூரையும் இரண்டு பக்கமும் உருண்டே இறங்கும். கவிழ்த்துப் போட்ட படகு என்று பலர் சொல்வார்கள். எனக்கென்னவோ படுத்து அசைபோடும் மாடு மாதிரிதான் தோன்றியது. அட்லாண்டிக் காற்று பிடித்து இழுக்க ஒரு முனைகூட இல்லை.

அடுத்து இறவாணத்தைத் தேடுங்கள். கிடைக்காது. இதுதான் இந்த வீட்டின் மூளை. சுவர் உண்மையில் இரண்டு சுவர்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, கலவை இல்லாமல் அடுக்கிய கல், நடுவே மண். சில இடங்களில் மொத்தம் ஆறடி கனம் வரும். கூரை உட்சுவரின்மேல் உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சுவரின் தலை திண்ணை மாதிரி வெறுமனே வெளியே நிற்கிறது. அப்படியானால் மழைத் தண்ணீர்? சுவருக்குள்ளேயே இறங்குகிறது. நடுவிலிருக்கும் மண் அதைக் குடித்து ஈரமாகவே இருப்பதால் கல் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே நுழையாது. சுவரை நனையவிட்டு வீட்டைக் காப்பாற்றும் இந்த யோசனையைக் கண்டு நான் சும்மா நின்றுவிட்டேன். கூரை நீண்டிருந்தால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

அந்தச் சுவர்த்தலையில் புல் முளைத்திருக்கும். சில வீடுகளில் மேலே ஏற சுவரிலேயே கல் படி துருத்திக்கொண்டிருக்கும். கூரை வேய்பவர் ஏறி நிற்க. ஆடுகளும் ஏறி மேயும்.

படி 4: கயிறையும் கல்லையும் பாருங்கள்

இப்போது கிட்டே வாருங்கள். கூரையின்மேல் வரிவரியாகக் கயிறு போய், ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் ஒரு கல் தொங்கும். வைக்கோலை எதுவும் தைத்தோ ஆணியடித்தோ வைக்கவில்லை. கல்லின் கனம்தான் பிடித்திருக்கிறது. பழைய காலத்தில் ஹெதரையோ வைக்கோலையோ திரித்துக் கயிறாக்கினார்கள். குளிர்கால இரவுகளுக்கு அது கைவேலை. இன்று பெரும்பாலும் மீன்வலையோ நைலான் கயிறோ இருக்கும். “ஐயோ, அசல் போச்சே” என்று முகம் சுளிக்காதீர்கள். மீனவர் ஊரில் கையில் கிடைத்த வலையைக் கூரைமேல் போடுவதைவிட அசலான காரியம் வேறென்ன?

கற்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. நடுவில் இடுப்பு ஒடுங்கிய கல்லாகப் பொறுக்கியிருப்பார்கள், கயிறு நழுவாமல் இருக்க. ஒரு வீட்டில் ஒரு கல்லை மட்டும் வலைத்துணுக்கில் பொட்டலம் மாதிரி கட்டியிருந்தது. பழைய கல் ஒருநாள் காற்றில் அறுந்து விழ, அவசரத்துக்குக் கிடைத்த உருண்டைக் கல்லைக் கட்டிவிட்டார்கள்போல. அது அப்படியே நிரந்தரமாகிவிட்டது.

இந்த எளிய உத்தி எவ்வளவு கெட்டி என்பதற்குச் செயின்ட் கில்டா தீவு சாட்சி. அங்கே 1860களின் தொடக்கத்தில் பழைய வீடுகளுக்குப் பதிலாக நவீனமாகக் கட்டிய 16 வீடுகளுக்குத் துத்தநாகத் தகடு போட்டு ஆணியடித்தார்கள். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது.

ஸ்காட்ஸ் மொழியில் எல்லாம் ஒழுங்காக, பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல ‘கூரையும் கயிறும்’ என்ற தொடர் உண்டு. கயிறு கட்டினால்தான் அங்கே வேலை முடிந்ததாக அர்த்தம்.

படி 5: பொருளைக் கண்டுபிடியுங்கள்

இதற்கு ஒரு சின்ன அட்டவணையைத்தான் முதலில் எழுதினேன், கிழித்துப் போட்டுவிட்டேன். பொருளைவிட அது ஏன் அங்கே வந்தது என்பதுதான் முக்கியம்.

கருப்பும் பழுப்புமாக, துடைப்பக் கட்டைகளை அடுக்கியது மாதிரி முரடாக இருந்தால் ஹெதர். கிளென்கோ கிராமத்து நாட்டுப்புற அருங்காட்சியகத்தின் குடிலிலும், கல்லோடன் போர்க்களத்தின் ஓரத்தில் நிற்கும் லீனக் குடிலிலும் இதைப் பார்க்கலாம். ஹெதர் கனமான பொருள்; ஆனால் வைக்கோலைவிட வெகு காலம் உழைக்கும்.

நேரான, பொன்னிறத் தண்டுகள் விளிம்பில் பளிச்சென்று வெட்டினாற்போலத் தெரிந்தால் நாணல். கிழக்கே டே ஆற்றின் முகத்துவாரத்தில் பிரிட்டனிலேயே மிகப் பெரிய நாணல் காடு இருக்கிறது, சுமார் 400 ஹெக்டேர். கரை அரிக்காமல் இருக்க 18ஆம் நூற்றாண்டில் நட்டு வளர்த்தது. அந்த வட்டாரத்திலும் ஃபைஃபிலும் நாணல் கூரை தெரிவதற்கு இதுவே காரணம்.

மெல்லிய, சாம்பல் கலந்த புல், மணல்மேடுகள் உள்ள ஊர் என்றால் மாரம் புல். டைரீ தீவிலும் யுயிஸ்ட் தீவுகளிலும் இது. இந்தப் புல்லுக்கு ஒரு வழக்கு வரலாறே உண்டு. 1694இல் மோரே கடற்கரையில் கல்பின் பண்ணை மணற்புயலில் மூடிப்போனது. மணலைப் பிடித்து வைத்திருந்த புல்லைக் கூரைக்காகப் பிடுங்கியதும் ஒரு காரணம் என்றார்கள். மறு வருஷமே, 1695இல், கடற்கரை மணல்மேடுகளில் இந்தப் புல்லைப் பிடுங்கக்கூடாது என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கூரைக்குப் புல் பறிக்க நாடாளுமன்றத் தடை!

மிருதுவாக, மங்கலாக இருந்தால் ஓட்ஸ் அல்லது பார்லி வைக்கோல். லூயிஸில் பார்லியை அரிவாளால் அறுக்காமல் வேரோடு பிடுங்கினார்கள். ஒரு விரல் நீளம்கூட வீணாகாமல் கூரைக்குக் கிடைக்கும் என்பதால். கெய்த்னெஸ் பக்கம் டன்பீத் அருகே லெய்ட்ஹே என்ற நீள வீட்டு அருங்காட்சியகத்தில் கோரைக் கூரை. நீள வீடு என்றால் ஆளும் மாடும் ஒரே கூரைக்கடியில் இருந்த வீடு.

கிழக்கு மாவட்டங்களில் கயிறும் கல்லும் காணாது. அங்கே ஒரு கைப்பிடி வைக்கோலைத் திருகி, தலையை மடித்து, கருவியால் அடிமண்ணுக்குள்ளேயே குத்திச் செருகுவார்கள். வேறு சில இடங்களில் வைக்கோல் அடுக்குகளுக்கு நடுவே களிமண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். இவற்றைத் தரையில் நின்று பிரித்தறிவது சிரமம். எனக்கே இன்னும் தடுமாற்றம் உண்டு. காப்பாளரிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

படி 6: குனிந்து உள்ளே போய், நிமிர்ந்து பாருங்கள்

ஆர்னாலில் நுழைந்ததும் கண் எரியும். நடுக்கூடத்தில் தரையிலேயே பீட் எரிகிறது, சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்த மண்கரி. புகைபோக்கி கிடையாது. புகை மெதுவாக மேலே போய், கூரைக்குள் ஊறி, வைக்கோல் இடுக்கு வழியாகக் கசியும். என் கம்பளிச் சட்டையில் அந்த வாசனை ஒரு வாரம் போகவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், துவைக்கவே மனம் வரவில்லை.

அந்தப் புகைக்கு வேலை இருந்தது. பூச்சியை விரட்டியது, ஈரத்தை உலர்த்தியது. கூரையில் படிந்த கரி வயலுக்கு எருவானது: லூயிஸில் கோடைக்கு முன்பு புகையூறிய வைக்கோலைப் பிரித்து, உருளைக்கிழங்குக்கும் தானியத்துக்கும் போட்டார்கள். வயலில் விளைந்தது கூரைக்குப் போய், ஒரு வருஷம் புகை குடித்து, மறுபடி வயலுக்கே வந்தது. வீட்டின் ஒரு முனையில், அதே கூரைக்கடியில், தொழுவம். தரை அந்தப் பக்கம் சற்றுச் சரிவாக இருக்கும், மாட்டின் கழிவு ஆட்கள் இருக்கும் பக்கம் வராமல் இருக்க. சாணமும் அதே வயலுக்கு. வீடு என்பது அங்கே விவசாயத்தின் ஒரு கருவி.

கண் இருட்டுக்குப் பழகியதும் கைமரங்களைப் பாருங்கள். லூயிஸில் மரமே கிடையாது எனலாம். கடல் ஒதுக்கிய கட்டை, உடைந்த படகின் துடுப்பு, கோணல் கழி எல்லாம் கூரைக்குள் இருக்கும். வீட்டில் விலை மதிப்புள்ள பொருள் அதுதான். வாடகைக் குடியானவர் இடம் மாறும்போது கல்லை விட்டுவிட்டுக் கூரை மரத்தைக் கழற்றி எடுத்துப்போவது வழக்கம். ஹைலேண்ட்ஸில் குடிகளை வெளியேற்றி ஆட்டுப் பண்ணை போட்ட காலத்தில், 1814இலும் 1819இலும் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில், ஆட்கள் கூரை மரங்களுக்குத் தீ வைத்தார்கள். கல்சுவரை இடிப்பது கடினம், தேவையும் இல்லை. மரம் போனால் அந்தக் குடும்பம் திரும்பி வந்து குடியேற முடியாது. இது தெரிந்த பிறகு அருங்காட்சியகக் கூரைக்கடியில் நிற்பது வேறு மாதிரி இருக்கிறது.

படி 7: தகரத்தைக் கண்டால் இறங்கிப் பாருங்கள்

நான் செய்த தவறு இது. 19ஆம் நூற்றாண்டில் ரயிலும் கப்பலும் பாலகூலிஷ், ஈஸ்டேல் சுரங்கங்களின் ஸ்லேட்டை, அதாவது கூரைக்குப் போடும் தட்டைக் கல்லை, ஊரூராகக் கொண்டுபோயின. பிறகு மலிவான நெளி தகரம். பல வீடுகளில் பழைய கூரையைப் பிரித்துப் போடவே இல்லை; அதன் மேலேயே தகரத்தை அடித்தார்கள். அடியில் மண் பாளமும் வைக்கோலும் அப்படியே காய்ந்து கிடந்தன. இன்று பழைய வேய்முறைகளை ஆராய்பவர்களுக்குத் தகரம்தான் பெட்டகம். மேற்கே ஆர்கைலில், இன்வரேரிக்குத் தெற்கே ஆகிண்ட்ரெய்ன் என்ற கூட்டுக் குடியானவர் ஊர் முழுதாக நிற்கிறது. 1875இல் விக்டோரியா ராணி வந்து பார்த்த ஊர். அங்கே பல கூரைகள் தகரம். கில்லின் அருகே மொய்ர்லனிக் நீள வீடும் தகரம்தான். உள்ளே போனால் தரையிலிருந்தே வளைந்தேறும் ஜோடி மரச்சட்டங்கள் கூரையைத் தாங்குவதைப் பார்க்கலாம். 1968வரை ஆள் இருந்த வீடு. திறந்திருக்கும் நாட்கள் மிகக் குறைவு, பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

படி 8: பயண ஏற்பாடு

மே முதல் செப்டம்பர்வரைதான் பல இடங்கள் திறந்திருக்கும். ஆர்னாலும், ஸ்கையின் கில்முயர் அருங்காட்சியகமும் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். லூயிஸில் ஞாயிறு என்றால் ஊர் பெரும்பாலும் அடங்கிவிடும், சனிக்கிழமையே சாப்பாடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உல்லாபூலிலிருந்து ஸ்டோர்னோவேக்குக் கப்பலில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி. கோடையில் காருக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். அங்கிருந்து ஆர்னால் 25 கிலோமீட்டருக்குள்.

தங்குவதற்கும் கூரை வீடே கிடைக்கும். லூயிஸின் மேற்குக் கரையில் கேரனின் ஊரில் கடைசிக் குடும்பங்கள் 1974இல் வெளியேறின. பிறகு ஓர் அறக்கட்டளை வீடுகளைச் சீர்செய்து வாடகைக்கு விடுகிறது. உள்ளே வெந்நீரும் ஹீட்டரும் உண்டு, புகை இல்லை. செலவு குறைய வேண்டும் என்றால் பெர்னரே தீவிலும் சவுத் யுயிஸ்டின் ஹோமோரிலும் எளிய கூரை விடுதிகள் இருக்கின்றன. மழைச்சட்டையும், மிட்ஜ் என்ற பொடிக்கொசுவுக்கு முகவலையும் மறக்கவேண்டாம். கூரையைத் தொட்டுப் பார்க்கலாமா? மக்கள் வசிக்கும் வீட்டில் கூடாது. அருங்காட்சியகத்தில் கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஒரு துரும்புகூட உருவாதீர்கள். நெருப்புக்கு இந்த வீட்டுக்காரர்கள் எவ்வளவு பயப்படுவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை, பக்கத்தில் நின்று சிகரெட் கூடவே கூடாது.

தீவுக்குப் போக முடியாதவர்களுக்கு நியூட்டன்மோரில் இருக்கும் ஹைலேண்ட் நாட்டுப்புற அருங்காட்சியகம். 1700களின் சிற்றூர் ஒன்றை, அகழாய்வில் கிடைத்த தடயத்தை வைத்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். போலி என்று ஒதுக்காதீர்கள். கூரை வேயத் தெரிந்த கைகள் மிச்சமிருக்க வேண்டும் என்றால் அவற்றுக்கு வேய ஒரு கூரை வேண்டுமே.

படி 9: காப்பாளரிடம் ஒரு கேள்வி

“கூரையை அடுத்து எப்போது போடுவீர்கள்? யார் போடுவார்?” இதை மட்டும் கேளுங்கள். பேச்சு தானாக வளரும். வேய்பவர் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியது என்பார்கள். வைக்கோல் இல்லை என்பார்கள்: அறுவடை எந்திரம் தண்டை நசுக்கிவிடுகிறது, புதிய ரகப் பயிரோ குட்டை. ஆகவே கூரைக்காகவே பழைய ரக ஓட்ஸை விதைக்கவேண்டிய நிலை. காப்பீடு விலை அதிகம் என்பார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பதிவாகியிருந்தால் ஹெதரை எடுத்துவிட்டு நாணல் போடக்கூட உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி தேவைதான் என்பது என் கட்சி. எல்லாக் கூரையும் நாணலானால் பத்து மைலுக்கு ஒருமுறை மாறும் கூரை என்பது வெறும் பேச்சாகிவிடும்.

ஆர்னாலில் இதே கேள்வியைக் கேட்டபோது காப்பாளர் பதில் சொல்லிக்கொண்டே அடுப்பில் இன்னொரு பீட் கட்டியை வைத்தார். பார்க்க வருபவர்களுக்காகவா இந்தப் புகை என்றேன். “கூரைக்காக,” என்றார். தீ அணைந்தால் ஈரம் ஏறும், ஈரம் ஏறினால் மேலே எல்லாம் மக்கும். வெளியே வந்து எதிரே 39ஆம் எண் வீட்டுக்குப் போனேன். அது புகைபோக்கி வைத்த வெள்ளை வீடு; 1950களில் இருந்தபடி அலமாரியும் சுவர்க்காகிதமுமாக வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் 42இன் கூரை முழுவதிலும் நூல்நூலாகப் புகை எழுந்துகொண்டிருந்தது.